கூட்டத்துக்கு வராத விவசாயி

2021 ஆகஸ்ட் 14-ல் தமிழ்நாட்டின் முதல் வேளாண் பட்ஜெட் சட்டமன்றத்தில் வாசிக்கப்பட்டது. ஒதுக்கீடு சுமார் 34,220 கோடி ரூபாய். 2025-26-ல் அது 45,661 கோடி. பணத்தை எதற்குச் செலவிடலாம் என்று பட்ஜெட்டுக்கு முன் விவசாயிகளைக் கூட்டிக் கேட்கவும் செய்கிறார்கள். வரவேற்க வேண்டிய வழக்கம்.

கேட்டால் ஊருக்கொரு பதில் வரும். மேட்டூரில் ஜூன் 12-ல் தண்ணீர் திறப்பதற்குள் கடைமடை வரை தூர்வாரி முடியுங்கள் என்பார் டெல்டாக்காரர். கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம் என்று நெல் மூட்டையைத் திருப்பாதீர்கள், மழைக்கு முன் தார்ப்பாயும் கிடங்கும் கொடுங்கள் என்பார். கொங்கு மண்டலத்துக் கிணற்றுப் பாசனக்காரருக்கு மும்முனை மின்சாரம்தான் உயிர். ராமநாதபுரத்து மானாவாரி விவசாயிக்குக் கண்மாயும் பயிர்க் காப்பீடும். எல்லாமே நியாயமான கோரிக்கைகள்.

ஆனால் சங்கமாகத் திரண்டவர்களின் குரலே முதலில் எட்டுகிறது. முதல் வேளாண் பட்ஜெட்டிலேயே இலவச மின்சாரத்துக்காக மின்வாரியத்துக்குப் போனது 4,508 கோடி. மொத்தத்தில் எட்டில் ஒரு பங்குக்கும் மேல். அதை நிறுத்தச் சொல்லவில்லை. கிணறும் பம்ப்செட்டும் இல்லாதவருக்கு அதில் எதுவும் கிடைப்பதில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வேளாண் ஆராய்ச்சிக்காகவோ கொடி பிடிப்பவர் யாருமில்லை. பலன் வர பத்து வருடம் ஆகும், அதனால்தான். இந்திய கிராமங்களில் அரசு செய்த செலவுகளை ஒப்பிட்டு ஷெங்கன் ஃபான், பீட்டர் ஹேசல், சுக்தேவ் தோரட் ஆகியோர் 2000-ஆம் ஆண்டு வாக்கில் வெளியிட்ட ஆய்வு, வறுமையைக் குறைப்பதில் சாலைகளையும் விளைச்சலைப் பெருக்குவதில் வேளாண் ஆராய்ச்சியையும் முதலிடத்தில் வைத்தது. இரண்டு வாரம் வெள்ளத்தில் மூழ்கினாலும் தாங்கும் சி.ஆர்.1009 சப்-1 நெல், அப்படிப்பட்ட ஆராய்ச்சி தந்ததுதான்.

இன்னும் மோசமாக விடுபடுகிறவர் குத்தகைதாரர். உழுவதும் விதைப்பதும் அவர். பட்டா வேறொருவர் பெயரில். பி.எம்.கிசான் திட்டத்தின் ஆண்டுக்கு 6,000 ரூபாய் நிலம் வைத்திருப்பவருக்கே போகிறது. காப்பீட்டுக்கும் கொள்முதலுக்கும் சிட்டா, அடங்கல் என்று அலைய வேண்டியிருக்கிறது. நடவும் களையும் செய்யும் பெண்களை விவசாயிகள் என்று எந்தப் பதிவேடும் எளிதில் சொல்வதில்லை.

குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் வாய்ப்பேச்சுக் குத்தகைகள் இன்னும் பதிவேட்டுக்கு வெளியேதான் இருக்கின்றன. அடுத்த பட்ஜெட் கருத்துக் கேட்புக்குக் குத்தகை விவசாயிகளையும் விவசாயத் தொழிலாளிப் பெண்களையும் தனியாக அழையுங்கள். சாகுபடி செய்பவரின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றும் வேலைக்கு அந்த பட்ஜெட்டிலேயே பணம் ஒதுக்குங்கள்.