பி.காம்.க்குப் பக்கத்தில் ஓர் அடைப்புக்குறி

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளிலிருந்து என் போன் சும்மா இருக்காது. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் கணக்குப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். சொந்தக்காரர்களுக்கு அது ஒன்று போதும். "ஏனுங்க்கா, பாப்பாவுக்கு பி.காம். சி.ஏ. போடறதுங்களா, பி.பி.ஏ. போடறதுங்களா? எதுக்குச் சம்பளம் ஜாஸ்தி வருமுங்க?"

முதலில் அந்த சி.ஏ.வைத் தெளிவுபடுத்திவிடுவேன். பி.காம்.க்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் இருக்கிற சி.ஏ., கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ். ஆடிட்டர் ஆவதற்கான சி.ஏ. வேறு. சேர்த்துவிட்டு வந்து, "மூணு வருஷத்துல கையெழுத்துப் போடற ஆடிட்டர் ஆயிருவாளா?" என்று கேட்டவர்கள் உண்டு. அதேபோல் கார்ப்பரேட் செக்ரட்டரிஷிப் முடித்தால் கம்பெனி செக்ரட்டரி ஆகிவிட முடியாது. அதற்கான தேர்வுகளைத் தனியாக எழுத வேண்டும்.

ஆள் எடுக்கும்போது நான் செய்வது இதுதான். மேஜையில் இரண்டு பில்களை வைப்பேன். ஒன்று, வெளிமாநில மில்லில் நூல் வாங்கிய பில். இன்னொன்று, உள்ளூர் சாயப்பட்டறைக் கூலி பில். "ரெண்டுக்கும் என்ட்ரி எழுதுங்க" என்பேன். வெளிமாநில பில்லுக்கு ஐ.ஜி.எஸ்.டி., உள்ளூர் பில்லுக்கு வரியை மத்திய, மாநிலக் கணக்கில் பாதிப் பாதியாகப் பிரிக்க வேண்டும். கூலி பில் என்றதும் பணம் கொடுக்கும்போதே டி.டி.எஸ். என்ற வரியைப் பிடிக்க வேண்டியிருக்குமா என்று யோசனை ஓட வேண்டும். இவ்வளவுதான் சோதனை. பட்டத்தில் என்ன பெயர் இருந்தாலும் பாதிப்பேர் பேனாவைத் திறந்துவிட்டு முழிக்கிறார்கள். டேலி என்ற கணக்கு மென்பொருளில் எந்தப் பட்டனை அழுத்த வேண்டும் என்பது மட்டும் மனப்பாடமாக இருக்கும்.

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபிறகு எங்கள் வேலையின் முகமே மாறிவிட்டது. மாதாமாதம் விற்றவர் தன் பில் விவரத்தை 11ஆம் தேதிக்குள் ஏற்ற வேண்டும். 14ஆம் தேதி நமக்கு 2பி என்ற பட்டியல் வரும். அதில் இல்லாத பில்லுக்குக் கட்டிய வரியை நாம் வரவு எடுக்க முடியாது. ஆக, நம் கொள்முதல் கணக்கையும் 2பி-யையும் எக்செலில் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, விடுபட்டதைத் தேட வேண்டும். பில் எண்ணில் ஒரு சைபர் கூடுதலாக இருந்தாலும் பொருந்தாது. அப்புறம் போன்: "அண்ணா, போன மாசம் 27ஆம் தேதி பில்லு இன்னும் 2பி-ல வரலைங்க. உங்க அக்கவுண்டன்ட்கிட்ட கொஞ்சம் சொல்றீங்களா?" கோபப்படாமல் மூன்றுமுறை கேட்கத் தெரிந்த பெண்ணுக்கு எங்கள் ஊரில் வேலை போகாது.

சம்பளம்? புதிதாக வருகிறவருக்கு இங்கே மாதம் 15,000 ரூபாயை ஒட்டித்தான் ஆரம்பம். அடைப்புக்குறி எதுவானாலும் இதே கதைதான். இந்த 2பி வேலையைத் தனியாகக் கவனிக்கத் தெரிந்துவிட்டால், இரண்டு வருடத்தில் அவரே 25,000 கேட்பார். நாங்கள் கொடுக்கவில்லையென்றால் பக்கத்துக் கம்பெனி கொடுக்கும்.

அப்படியானால் எந்தப் பிரிவும் ஒன்றுதானா என்றால், இல்லை. ஏற்றுமதி ஊர்களில் இன்டர்நேஷனல் பிசினஸ் படித்தவருக்குத் தனி இடம் இருக்கிறது. ஷிப்பிங் பில், பையரின் வங்கி தரும் பண உத்தரவாதமான எல்.சி. என்றால் என்னவென்று தெரிந்து வருகிறார்கள். எல்.சி.யில் சொன்ன தேதிக்கு ஒருநாள் தள்ளிக் கப்பலேறினால் போதும், வங்கி குறை எழுதிவிடும். வெளிநாட்டு பையர் விலையைக் குறைக்கப் பார்ப்பார். அந்த ஒருநாளின் அருமை தெரிந்த ஆளுக்குக் கூடுதலாகக் கொடுப்பதில் முதலாளிகள் கணக்குப் பார்ப்பதில்லை.

பி.பி.ஏ. பற்றி எனக்கு ஒரு தயக்கம் உண்டு. எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். அதோடு நிறுத்தினால் பெரும்பாலும் விற்பனை டார்கெட் வேலைதான். நல்ல இடத்தில் எம்.பி.ஏ. படிக்கப்போகிறவருக்குச் சரி. பிசினஸ் அனலிட்டிக்ஸ், ஃபின்டெக் என்று புதுப் பெயர்களும் வருகின்றன. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: பாடம் எடுக்கப்போவது யார்? பழைய காமர்ஸ் ஆசிரியரே புதுப் பெயர்ப் பாடத்தையும் நடத்துகிறார் என்றால், கூடுதல் கட்டணம் பெயருக்குத்தான்.

'பி.காம். வித் ஏ.சி.சி.ஏ.' விளம்பரத்தைப் பற்றியும் நிறையப் பேர் கேட்கிறார்கள். அது பிரிட்டன் அமைப்பின் தகுதி, மொத்தம் 13 தாள்கள். சென்னை, கோவையில் வெளிநாட்டுக் கம்பெனிகளின் கணக்கைப் பார்க்கும் அலுவலகங்களில் மதிப்பு உண்டு. உலக வங்கியே 2001 முதல் சென்னையில் இப்படி ஓர் அலுவலகம் வைத்திருக்கிறது. ஆனால் இந்தியக் கம்பெனியின் சட்டபூர்வத் தணிக்கையில் கையெழுத்துப் போட அந்தத் தகுதி போதாது. பணம் கட்டுவதற்கு முன் அப்பா அம்மாவுக்கு இதைச் சொல்லியிருக்க வேண்டும். விளம்பரத்தில் எங்கேயும் கண்ணில் படாது.

நிஜமான சி.ஏ. ஆசை இருந்தால், பிளஸ் டூ முடித்ததும் ஃபவுண்டேஷன் எழுத முடியாவிட்டாலும் கதவு சாத்தப்படுவதில்லை. பி.காம்.மில் 55 விழுக்காடு வாங்கினால் நேராக இன்டர்மீடியட்டில் நுழையலாம். கலை, அறிவியல் படித்தவர்களுக்கு அது 60. ஆடிட்டரிடம் பயிற்சியாக இருக்க வேண்டிய ஆர்ட்டிகிள்ஷிப்பும் 2023 ஜூலையில் வந்த புதுத் திட்டத்தில் மூன்று வருடத்திலிருந்து இரண்டாகக் குறைந்துவிட்டது. தனியார் எம்.பி.ஏ.வுக்குக் கொட்டும் பணத்தைப் பார்த்தால் இதற்கான கட்டணம் சொற்பம். ஆனால் எத்தனை அட்டெம்ப்ட் ஆகும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. வீட்டில் பொறுமை இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

"பேங்க் வேலைக்கு எந்த பி.காம். நல்லது?" என்பதற்கு பதில் சுலபம். அதிகாரித் தேர்வுக்கு ஏதாவது ஒரு பட்டம் இருந்தால் போதும், வரலாறு படித்தவரும் எழுதுகிறார்.

என் நாத்தனார் மகள் இந்த வருடம் பொது பி.காம்.மில்தான் சேர்ந்திருக்கிறாள். "அத்தை, வெறும் பி.காம்.னா சீப்பா நினைப்பாங்களா?" என்று கேட்டாள். மூன்றாம் வருடப் பாடத்திட்டத்தை எடுத்துவரச் சொன்னேன். காஸ்ட் அக்கவுன்டிங், வருமான வரி, ஜி.எஸ்.டி. மூன்றும் இருந்தன. சரி, சேர் என்றேன். செமஸ்டர் லீவில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் சம்பளமில்லாமல் உட்காரவும் சொல்லிவைத்திருக்கிறேன். நூல் பில் அங்கேயே கட்டுக்கட்டாக வரும்.