பையைக் காவல் காக்கவா மலை ஏறுகிறோம்?

கொடைக்கானலுக்குப் போய் வந்த பெண்களிடம், "ஏரியைச் சுற்றி நடந்தீங்களா? சைக்கிள் விட்டீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். "அவரும் பிள்ளைகளும் போனாங்க. நான் பையைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்" என்றுதான் பலரும் சொல்வார்கள். வாந்தி மாத்திரை போட்டுக் கொண்டு, மணிக்கணக்கில் பஸ்சில் வளைந்து வளைந்து மலை ஏறிப் போவது பையைக் காவல் காக்கத்தானா சகோதரிகளே?

நான் புதுக்கோட்டை மாவட்டத்துக்காரி. வயது 53. சென்ற பிப்ரவரியில் என் கணவர், மகன், மருமகள், நாலு வயதுப் பேரன், என் பெரிய நாத்தனார் ஆகியோருடன் கொடைக்கானல் போயிருந்தேன். நாத்தனாருக்கு வயது 60. சிவகங்கைப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறார். சர்க்கரை வியாதி உண்டு. "தினமும் நடங்கம்மா" என்று டாக்டர் சொல்லி மூன்று வருஷம் ஆகிறது. ஆனால் மெயின் ரோட்டில் லாரி பயம். தெருவில் இறங்கினாலோ, "என்ன, இந்நேரத்துல எங்க கிளம்பிட்டீங்க?" என்ற கேள்வி. நடை வாசல்படியோடு நின்று போயிற்று.

முதல் நாள் காலையில் கோக்கர்ஸ் வாக் போனோம். 1872ல் லெப்டினன்ட் கோக்கர் என்பவர் மலைச்சரிவின் ஓரமாக அமைத்த நடைபாதை இது. நீளம் சுமார் ஒரு கி.மீ. வண்டி எதுவும் வராது. டிக்கெட் வாங்கிக் கொண்டு கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி நிதானமாக நடக்கலாம். நாங்கள் போனபோது ஒரே பனிமூட்டம். பள்ளத்தாக்கு தெரியவே இல்லை. "இதைப் பார்க்கவா வந்தோம்?" என்று என் மகன் சலித்துக் கொண்டான். நாத்தனாரோ கடைசி வரை நடந்து விட்டு, "திரும்பவும் இப்படியே நடந்தே போவோமா?" என்றார். பனி விலகியபோது கீழே சமவெளி துணி விரித்த மாதிரி தெரிந்தது. அவர் அதைக்கூட நின்று பார்க்கவில்லை. நடப்பதிலேயே குறியாக இருந்தார்.

மறுநாள் ஏரி. இது இயற்கை ஏரி அல்ல. 1863ல் மதுரை கலெக்டராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச் ஓடையை மறித்துக் கரை கட்டி உண்டாக்கியது. நட்சத்திரம் போல நாலா பக்கமும் கை நீட்டிக் கொண்டிருக்கும். சுற்றி வரும் சாலை சுமார் 5 கி.மீ. பெரும்பகுதி சமதரை. வாடகைக்கு சைக்கிள் கிடைக்கும். இரண்டு பேர் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து மிதிக்கும் சைக்கிளும் உண்டு.

அதைப் பார்த்ததும் எனக்குக் கால் பரபரத்தது. காரணம் இருக்கிறது. 1991ல் எங்கள் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வந்தபோது, அன்றைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுத் தர ஏற்பாடு செய்தார். ஆயிரக்கணக்கில் பெண்கள் பழகினார்கள். அவர்களில் நானும் ஒருத்தி. லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல், பார் கம்பி வைத்த ஆம்பிளை சைக்கிளிலேயே முட்டி பெயர்ந்து பழகினோம். கல்யாணத்துக்குப் பிறகு ஸ்கூட்டரின் பின்சீட்டுதான். நாத்தனாருக்கு அந்தப் பழக்கமும் இல்லை. அப்போதே கல்யாணமாகி இரண்டு பிள்ளைகளோடு வேறு மாவட்டத்தில் இருந்தார். "எனக்கு யாரு சொல்லித் தந்தா?" என்று அடிக்கடி சொல்வார்.

"அண்ணி, நான் முன்னாடி ஹேண்டில் பிடிக்கிறேன். நீங்க பின்னாடி உட்கார்ந்து மிதிச்சா போதும்" என்றேன்.

என் கணவர், "இந்த வயசுல விழுந்து கிழுந்து வெச்சா யாரு பார்க்கிறது?" என்றார்.

நாத்தனார் தண்ணீர் பாட்டில், ஸ்வெட்டர், பேரனின் பால் டம்ளர் எல்லாம் அடங்கிய பையைத் தூக்கி அவர் மடியில் வைத்தார். "தம்பி, பையை நீ வச்சுக்க. பிள்ளையையும் பாத்துக்க. ஒரு மணி நேரந்தானே!" என்றார். அக்கா சொல்லும்போது தம்பி என்ன பேச முடியும்? மகனும் மருமகளும் ஆளுக்கொரு சைக்கிள் எடுத்துக் கொண்டார்கள்.

முதலில் வண்டி ஆட்டம் கொடுத்தது. நாத்தனார் என் முதுகுச் சேலையை இறுகப் பிடித்துக் கொண்டார். கொஞ்ச தூரம் போனதும் பிடி தளர்ந்தது. "ஏம்மா, நான் மிதிக்கிறது வண்டிக்குத் தெரியுதா?" என்று கேட்டார். "நீங்க நிறுத்தினா எனக்குக் கனக்குது அண்ணி" என்றேன். அவ்வளவுதான், அதன்பின் அவர் மிதிப்பதை நிறுத்தவே இல்லை. ஏற்றம் வந்த இடங்களில் இறங்கித் தள்ளினோம். எதிரே குதிரை வந்தபோது ஓரமாக நின்றோம். பெஞ்சில் பைகளோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண், "அக்கா, சேலையோட முடியுதா?" என்று கேட்டாள். "முந்தானையை இடுப்புல செருகிக்கம்மா, முடியும்" என்று பின்சீட்டிலிருந்து பதில் சொன்னது என் நாத்தனார்!

திரும்பி வந்தபோது என் கணவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஒரு மணி நேரத்தில் பேரன் இரண்டு தடவை ஒண்ணுக்குப் போக வேண்டும் என்றானாம், மூன்று தடவை சோளம் கேட்டானாம். "நீங்கள்லாம் எப்படித்தான் உட்கார்ந்திருக்கீங்களோ" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே இன்னொரு சுற்று போயிருக்கலாம்.

போக நினைக்கும் சகோதரிகளுக்குச் சில யோசனைகள். ஏரிச் சாலை சைக்கிளுக்கென்று தனியாக விட்ட பாதை அல்ல. காரும் குதிரையும் அதே வழியில்தான் வரும். ஆகவே காலையிலேயே கிளம்பி விடுங்கள். ஏப்ரல், மே சீசனையும் சனி, ஞாயிறையும் தவிர்த்தால் நெரிசல் குறைவு. சைக்கிளை எடுக்கும் முன் இரண்டு பிரேக்கையும் பிடித்துப் பாருங்கள். சேலையும் துப்பட்டாவும் சக்கரத்தில் சிக்காமல் செருகிக் கொள்ளுங்கள். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்கள் வெறும் வயிற்றில் போகக் கூடாது. கையில் நாலு கல்கண்டோ மிட்டாயோ இருக்கட்டும். அவசியமில்லாத சாமான்களை அறையிலேயே வைத்து விடுங்கள். பை சிறுத்தால் காவலும் தேவைப்படாது. 2024 மே மாதம் முதல் சொந்தக் காரிலோ வாடகை வண்டியிலோ போகிறவர்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும். அரசு பஸ்சில் போனால் அந்தக் கவலை இல்லை.

ஊருக்குத் திரும்பிய பிறகு நாத்தனார் சும்மா இருக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேரைச் சேர்த்துக் கொண்டு, காலை ஆறு மணிக்குக் கண்மாய்க்கரையில் நடக்கிறார். தெருவில் முதல் வாரம் கேள்வி கேட்டவர்களில் ஒருவர் இப்போது கூடவே நடக்கிறாராம். "தனியா போனாத்தான் 'எங்க போறே'ன்னு கேக்குறாங்க. மூணு பேரா போனா 'நாங்களும் வரட்டுமா'ன்னு கேக்குறாங்க" என்று போனில் சொல்லிச் சிரித்தார்.

மலைக்குப் போகத்தான் வேண்டும் என்பதில்லை. உங்கள் ஊரிலும் ஒரு கண்மாய்க்கரையோ, கோயில் வீதியோ, பள்ளிக்கூட மைதானமோ இருக்கும். துணைக்கு ஒருத்தியைக் கூப்பிட்டுக் கொண்டு இறங்குங்கள். வீட்டில் இருப்பவர்கள் ஒரு மணி நேரம் பையைப் பார்த்துக் கொள்ளட்டும். அவர்களாலும் முடியும்.

- ஒரு வாசகி, புதுக்கோட்டை மாவட்டம்.