வழியும் வசதியும்

எட்டாம் நூற்றாண்டில் திருநாவலூரில் பிறந்த சுந்தரர், ஊர் ஊராகப் போய்ப் பாடியவர். பசியும் தாகமுமாக அவர் திருக்குருகாவூரை நெருங்கியபோது, இறைவனே தண்ணீர்ப் பந்தல் வைத்துக் காத்திருந்து சோறும் நீரும் தந்தார் என்கிறது பெரியபுராணம். திருக்கச்சூரில் இறைவன் வீடு வீடாகச் சென்று அவருக்காகச் சோறு இரந்து வந்தாராம். வழிப்போக்கருக்கு அன்று எவையெல்லாம் சௌகரியம் என்பது இந்தக் கதைகளிலேயே இருக்கிறது: நிழல், நீர், ஒரு வேளைச் சோறு.

அந்தச் சௌகரியத்தை ஊர்கள் நெடுங்காலம் செய்துவந்தன. சாலையோரம் இரண்டு கற்களை நட்டு, மேலே ஒரு கல்லைக் கிடத்தினால் சுமைதாங்கி. தலைச்சுமையோடு வருபவர், இறக்கிவிட ஆள் தேடாமல் நின்றபடியே சுமையை அதன்மேல் தள்ளிவிட்டு இளைப்பாறலாம். புறப்படும்போது அப்படியே தலைக்கு மாற்றிக்கொள்ளலாம். கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக அதை நடுவது வழக்கம். சித்திரை வெயிலில் கீற்றுப் பந்தலுக்குள் ஈரமணல் பரப்பிப் பானைகளை வைத்து, நீர்மோரும் பானகமும் கொடுத்தார்கள். வீட்டுக்கு முன்னால் திண்ணை இருந்தது. இரவு தங்கச் சாவடி இருந்தது.

இன்று சென்னை–திருச்சி நான்கு வழிச்சாலை சுந்தரர் பிறந்த திருநாவலூர் வட்டாரத்தின் வழியாகத்தான் போகிறது. குளிரூட்டிய பேருந்தில் ஏறியவர் விக்கிரவாண்டியையும் உளுந்தூர்ப்பேட்டையையும் தூக்கத்திலேயே கடந்துவிடுகிறார். தண்ணீர் புட்டியில் வருகிறது, சோறு சாலையோர உணவகத்தில் கிடைக்கிறது. நடந்தால் நாள் கணக்கில் ஆகும் தொலைவு, சில மணி நேரமாகச் சுருங்கிவிட்டது. திண்ணை இருந்த இடத்தில் சுற்றுச்சுவரும் இரும்புக் கதவும் நிற்கின்றன.

இந்த மாற்றத்தைக் குறை சொல்லிக் கடந்துவிட முடியாது. மேற்கே கல்வராயன் மலையில், நோயாளியைத் தூளி கட்டித் தோளில் சுமந்து இறக்கியவர்களைக் கேட்டால் தார்ச்சாலையின் அருமை தெரியும். 2008இல் தமிழ்நாட்டில் தொடங்கிய 108 ஆம்புலன்ஸ் காப்பாற்றிய உயிர்களுக்கு எந்தச் சாவடியும் ஈடாகாது. அன்றைய திண்ணையும் எல்லோருக்கும் திண்ணையாக இருந்ததில்லை. சாதி கேட்டுத்தான் பல இடங்களில் இடம் கொடுத்தார்கள்; தண்ணீரையும் சிலருக்கு எட்ட நின்றே ஊற்றினார்கள். இன்று பேருந்தில் பயணச்சீட்டு எடுத்தவர் யார் பக்கத்திலும் உட்காரலாம். இது பெரிய பேறு.

ஆனாலும் ஒன்று கைநழுவிப் போயிருக்கிறது. நம் பேச்சிலேயே அது தெரிகிறது. வடமொழியில் தங்குமிடத்தைக் குறித்த சொல் வசதி. இன்று ‘அவர் வசதியானவர்’ என்றால் பணக்காரர் என்று பொருள். ‘வசதியான இடத்துச் சம்பந்தம்’ என்றால் சொத்துள்ள குடும்பம். வருகிறவருக்கு ஊர் செய்து தந்தது அன்றைய வசதி. அவரவர் காசு கொடுத்து வாங்கிக்கொள்வது இன்றைய வசதி. வாங்க முடிந்தவருக்கு அது முன்பைவிடப் பல மடங்கு கிடைக்கிறது. வாங்க முடியாதவர் இன்றும் அதே சித்திரை வெயிலில்தான் நடக்கிறார்: கரும்பு வெட்டப் போகிறவர், தலையில் கூடையோடு காய் விற்க வருகிறவர், பேருந்துக் கட்டணத்தை மிச்சம் பிடிக்கிறவர்.

நல்ல சாலையும் வேண்டும், விரைந்து வரும் ஆம்புலன்ஸும் வேண்டும். அவற்றை அரசு செய்யட்டும். வாசலில் ஒரு மண்பானைத் தண்ணீர் வைக்க அரசாணை தேவையில்லை. இந்தக் கோடையில் உங்கள் வீட்டு முன்னால் ஒன்று வையுங்கள். முன்னோர் செய்த தவறை விட்டுவிட்டு, யார் என்று கேட்காமல் கொடுங்கள்.