மோதிரமும் நீரும்

காளிதாச மகாகவி படைத்த சகுந்தலையின் துன்பத்தில் ஒரு மோதிரத்துக்கும் நீருக்கும் பெரும் பங்கு உண்டு. துஷ்யந்த மன்னன் அடையாளமாக அளித்த கணையாழி, அவள் சசி தீர்த்தத்தை வணங்கியபோது விரலினின்றும் நழுவி நீரில் வீழ்ந்தது. அதனை ஒரு மீன் விழுங்கியது. செம்படவன் ஒருவன் கையில் அகப்பட்டு அது அரசனிடம் மீளும் வரையில், அவனுக்குச் சகுந்தலையின் நினைவும் மீளவில்லை. மோதிரத்துக்கும் நீருக்கும் உள்ள பகை அவ்வளவு பழையது.

நம் வீடுகளில் அட்டியலும் பதக்கமும் நல்ல நாளுக்கென்று பெட்டிக்குள் உறங்குகின்றன. மோதிரம் ஒன்றுதான் நாள்தோறும் உழைக்கும் நகை. விடியற்காலையில் கிணற்றடிக்குப் போகிறது, தேங்காய் துருவுகிறது, புளி கரைக்கிறது, பாத்திரம் துலக்குகிறது, துணி தோய்க்கிறது. மாலையில் அதே விரலில் இருந்துகொண்டு கோயிலிற் கைகூப்புகிறது. இத்தனை வேலைக்கும் உட்பட்ட பொருள் மங்காமல் இருக்க வேண்டுமானால், நாம் அதற்குச் சிறிது அறிவோடு உதவி செய்தல் வேண்டும். அந்த அறிவு எனக்கு ஒரு நட்டத்தின் மூலமே வந்தது. அதனை முதலிற் சொல்லிவிடுகிறேன்.

என் தந்தையார் அணிந்திருந்த நவரத்தின மோதிரம் ஒன்று எங்கள் வீட்டில் உண்டு. 1995ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில் வலிகாமத்து மக்கள் எல்லாரும் வீடு வாசலை விட்டுத் தென்மராட்சிக்கு நடந்தபோது, என் தாயார் அதனைச் சேலைத் தலைப்பில் முடிந்து இடுப்பிற் செருகிக்கொண்டு வந்தார். வீடு போயிற்று, தளபாடங்கள் போயின, மோதிரம் மிஞ்சியது. தந்தையார் காலமான பின்னர் அதனை எடுத்துப் பார்த்தபோது, கற்களின் இடுக்கெல்லாம் அழுக்கேறி மங்கிக் கிடந்தது. ஆண்டுத் திவசத்துக்கு முன்னர் அதனைத் துலக்கித் தாயார் கையிற் கொடுக்க வேண்டும் என்று ஆசைகொண்டேன். எலுமிச்சம் புளி பிழிந்த நீரில் இரவு முழுவதும் ஊறவிட்டேன்.

காலையில் எடுத்தபோது பொன் பளிச்சென்று இருந்தது. ஆனால் முத்து, பார்வை மங்கிய முதியவர் கண்போல வெளிறிக் கிடந்தது. நாணத்தோடு பத்தரிடம் கொண்டு சென்றேன். அவர் மோதிரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “தம்பி, பொன்னுக்கு ஒன்றுமில்லை, முத்துத்தான் வெந்து போச்சு” என்றார்.

நான் மாணவர்களுக்கு இரசாயனம் கற்பிக்கிறவன். சுண்ணாம்புக் கல்லின் மீது அமிலத்தை விட்டால் அது நுரைத்துக் கரைந்துபோகும் என்பதை ஆண்டுதோறும் வகுப்பிற் செய்து காட்டுகிறேன். முத்தும் பெரும்பாலும் கல்சியம் காபனேற்றே. யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியிலுள்ள சுண்ணாம்புக் கல்லும், ஒரு காலத்தில் மன்னார்க் கடலிற் குளித்தெடுத்த முத்தும் இரசாயன முறையில் ஒரே குலம். எகிப்திய அரசி கிளியோபாத்திரா காடியில் முத்தைக் கரைத்துக் குடித்தாள் என்று உரோமாபுரிப் பிளினி எழுதி வைத்ததையும் படித்திருந்தேன். வகுப்பில் அறிந்த ஒன்றை வீட்டில் மறந்தேன். என் போன்றார் பிறரும் இருக்கலாம் என்ற எண்ணத்தினாலேயே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

பொன் கறுக்குமா?

தூய பொன் கறுப்பதில்லை. காற்றும் நீரும் அதனை ஒன்றும் செய்யா. ஆயின் தூய பொன் மிக மென்மையானது. ஆதலால் அதனுடன் செம்பும் வெள்ளியும் கலந்தே நகை செய்கிறார்கள். 22 கரட் பொன் என்பது 24 பங்கில் 22 பங்கு பொன், அதாவது நூற்றுக்கு ஏறக்குறைய 91.6 பங்கு. 18 கரட்டில் 75 பங்கே பொன். கரட் குறையக் குறைய, மங்குவதற்கு உரிய செம்பின் பங்கு கூடுகின்றது. பொன் மோதிரம் அணிந்தவர் விரலிற் கருமையோ பச்சையோ படிந்தால், அது பெரும்பாலும் பொன்னோடு கூடிய மற்றை உலோகங்களின் குற்றமே.

நம் கிணற்று நீரினால் வரும் மங்கல் வேறு. குடாநாட்டு நீர் சுண்ணாம்புக் கல்லினூடாக ஊறி வருவதால் வன்னீராகும். சவர்க்காரம் அந்நீரிலுள்ள கல்சியத்தோடு சேர்ந்து கரையாத வெண்படிவாக மாறுகின்றது. குளித்தபின் வாளியின் விளிம்பில் ஒட்டிக்கொள்ளும் அதே படிவுதான் மோதிரத்தின் உட்புறத்திலும் கல்லின் அடியிலும் தங்கி ஒளியை மறைக்கின்றது. இது உலோகத்துக்கு நேர்ந்த கேடன்று; மேலே படிந்த போர்வை. கழுவினால் நீங்கிவிடும்.

ஆனால் அஞ்சத்தக்க பொருள்கள் இரண்டு உண்டு. ஒன்று, துணி வெளுக்கவும் கிணறு சுத்திகரிக்கவும் பயன்படும் குளோரீன் கலந்த தூளும் திரவமும். குளோரீன் பொன்னோடு கலந்த உலோகங்களை அரித்துப் பற்றாசு வைத்த இடத்தையும், கல்லைப் பிடித்திருக்கும் சிறு கவ்விகளையும் பலவீனப்படுத்தும். கரட் குறைந்த பொன்னில் இக்கேடு அதிகம். குளோரீன் இட்ட நீச்சற் குளத்தில் இறங்குவோரும் மோதிரத்தைக் கழற்றுதல் நன்று.

மற்றையது பாதரசம். கண்ணாடி வெப்பமானி உடைந்து சிந்திய இரசத்தை மோதிரக் கையால் தொட்டால், பொன் அக்கணமே அதனோடு கலந்து வெள்ளைநிறம் பெறும். அவ்வாறு நேர்ந்தால் வீட்டில் நெருப்பிற் காட்டிச் சரிசெய்ய முற்படலாகாது. இரசத்தின் ஆவி நஞ்சு. விடயத்தைச் சொல்லி, அதற்குரிய வசதியுள்ள தொழிலாளரிடமே ஒப்படைக்க வேண்டும்.

வீடு தேடி வந்து “நகைக்கு மெருகு போட்டுத் தருகிறோம்” என்போரிடமும் எச்சரிக்கை வேண்டும். நைத்திரிக்கமிலமும் ஐதரோக்குளோரிக்கமிலமும் கூடிய இராசத் திராவகம் பொன்னைக் கரைக்க வல்லது. 1940ஆம் ஆண்டில் செர்மானியப் படை டென்மார்க்கினுட் புகுந்தபோது, கோப்பன்கேகன் நகரில் இருந்த விஞ்ஞானி கெவெசி, லாவே, பிராங்கு என்னும் இருவரின் நோபெல் பதக்கங்களை இத்திராவகத்திற் கரைத்துப் போத்தலில் நிரப்பித் தட்டின்மேல் வைத்துவிட்டார். தேடிவந்த படையினர் அதனைக் கண்டும் அறிந்தாரில்லை. போர் முடிந்தபின் அதே பொன்னைப் பிரித்தெடுத்துப் பதக்கங்களை மீண்டும் வார்த்தனர். கெவெசி கரைத்தது காப்பதற்காக. மெருகுகாரன் கரைப்பது களவுக்காக. நகை பளபளப்பாகத் திரும்பி வரும். நிறுத்துப் பார்த்தால் எடை குறைந்திருக்கும்.

வெள்ளியின் கருமை

வெள்ளி மோதிரம் கறுப்பதற்கும் நீர் நேர்க் காரணமன்று. காற்றில் சிறிதளவு உள்ள ஐதரசன் சல்பைட்டு என்னும் கந்தக வாயு வெள்ளியோடு கூடிக் கரிய வெள்ளிச் சல்பைட்டாகிறது. ஈரம் அதனை விரைவுபடுத்தும். முட்டை, வெங்காயம் ஆகியவற்றிலுள்ள கந்தகமும், கந்தகம் சேர்த்துப் பதப்படுத்திய இறப்பரும் அதே வேலையைச் செய்யும். வெள்ளிப் பொருளை இறப்பர் வளையத்தாற் கட்டி வைப்பது நாமே கருமையை வரவழைப்பதாகும்.

கறுத்த வெள்ளியைத் திருநீற்றாலோ பற்பொடியாலோ தேய்ப்பது நம் வழக்கம். திருநீறு மென்மையானதாதலால் கேடு குறைவு. எனினும் தேய்க்குந்தோறும் கருமையோடு சிறிது வெள்ளியும் போகின்றது. அதைவிட நல்ல வழி ஒன்றுண்டு. ஒரு கோப்பையின் அடியில் அலுமினியத் தாளை விரித்து, மோதிரம் அதனைத் தொட்டிருக்குமாறு வைத்து, ஒரு தேக்கரண்டி அப்பச்சோடாவைத் தூவிக் கொதிநீரை ஊற்றுங்கள். கந்தகம் வெள்ளியை விட்டு அலுமினியத்திடம் சென்றுவிடும். வெள்ளி தன் இடத்திலேயே தங்கும். சில நிமிடங்களில் எடுத்து நன்னீரிற் கழுவித் துடைத்துவிடலாம். மாணவர்கள் இதனைப் பெரியோர் துணையுடன் செய்து பார்த்தால், மின்னிரசாயனப் பாடம் ஒன்றை வீட்டிலேயே கற்றவராவர். ஆனால் கல் பதித்த மோதிரத்துக்கும், அழகுக்கென்றே கருமையூட்டிய வேலைப்பாட்டுக்கும் இம்முறை ஆகாது.

செம்பும் ஐம்பொன்னும்

செம்பு மோதிரமும், செம்பு மிகுந்த ஐம்பொன் மோதிரமும் முதலிற் பழுப்பாகிப் பின்னர் பச்சைக் களிம்பு கொள்ளும். உயிரைப் பற்றிய ஆணவ மலத்துக்குச் சைவ சித்தாந்திகள் செம்பிற் களிம்பை உவமை கூறுவதை நாம் அறிவோம். இங்கேதான் புளிக்கும் எலுமிச்சைக்கும் உரிய இடம். அவற்றின் அமிலம் களிம்பைக் கரைக்கும். ஆனால் தேய்த்தவுடன் நன்னீரிற் கழுவி ஈரம் போகத் துடைத்தல் வேண்டும். அமிலம் எஞ்சினால் களிம்பு விரைவில் மீளும். பொன்முலாம் பூசிய மோதிரத்தையோ தேய்க்கவே கூடாது. முலாம் மெல்லிய தோல் போன்றது. தேய்ந்தால் உள்ளிருக்கும் உலோகம் வெளிப்படும்.

கல்லின் குணம்

வைரத்தின் கடினம் மோசின் அளவையில் 10. மாணிக்கமும் நீலமும் 9. தெருப் புழுதியிலுள்ள படிக மணலின் கடினம் 7. முத்தும் பவளமும் ஏறக்குறைய 3 அல்லது 4. ஆகவே புழுதி படிந்த முத்தை வறண்ட துணியால் அழுத்தித் துடைப்பதும் அதனைக் கீறுவதாகும். மரகதம் கடினமானதே, ஆயினும் அதன் நுண்ணிய வெடிப்புக்களை மறைக்க எண்ணெய் ஊட்டுவது வழக்கம். சுடுநீரும் சவர்க்காரமும் அவ்வெண்ணெயை நீக்கிவிடும். பழைய நகைகளிற் கல்லின் பின்புறத்தை மூடி, அரக்கும் ஒளித்தகடும் வைத்திருப்பார்கள். அதனுள் நீர் புகுந்தால் தகடு கறுத்துக் கல்லும் ஒளியிழக்கும்.

எனவே நவரத்தின மோதிரத்தை அதிலுள்ள வைரத்துக்கு ஏற்பக் கையாளாமல், முத்துக்கும் பவளத்துக்கும் ஏற்பவே கையாள வேண்டும். ஒரு குடும்பத்தில் மெலிந்த பிள்ளையைப் பார்த்தே நடையின் வேகத்தை வைத்துக்கொள்கிறோம் அன்றோ?

கழுவுவதும் கழற்றுவதும்

கல்லில்லாத பொன் மோதிரத்தையும், வைரம், மாணிக்கம், நீலம் ஆகியவை திறந்த கட்டிற் பதித்த மோதிரத்தையும் மாதம் ஒருமுறை கழுவினாற் போதும். ஒரு கோப்பையில் இளஞ்சூட்டு நீரும் சிறிது மென்மையான சவர்க்காரமும் கலந்து, கால்மணி நேரம் ஊறவிட்டு, பழைய மென்மையான பற்தூரிகையாற் கல்லின் அடியைத் துலக்குங்கள். நன்னீரில் அலசிப் பழைய பருத்தி வேட்டித் துண்டினால் ஒற்றி உலர்த்துங்கள். முத்தும் பவளமும் பதித்ததாயின் நனைத்துப் பிழிந்த துணியால் மெல்ல ஒற்றினாற் போதும். கழுவும்போது கோப்பையை விட்டு ஓடும் குழாயடிக்குப் போகாதீர்கள். நீர் போகும் துவாரம் சகுந்தலையின் மீனைவிடப் பெரிய வாயுடையது.

கடலில் நீராடும்போதும், ஆடி அமாவாசையன்று கீரிமலையில் இறங்கும்போதும் மோதிரத்தைக் கழற்றி நம்பிக்கையானவரிடம் கொடுத்துவிடுங்கள். குளிர்ந்த நீரில் விரல் சிறிது சுருங்கும், நழுவுவது தெரியாது. உப்பு நீர் பட்டுவிட்டால் உடனே நன்னீரில் அலச வேண்டும்.

வீட்டிற் கழற்றுவதற்கு ஓரிடம் குறித்துக்கொள்ளுங்கள். கிணற்றுக் கட்டு, சன்னற் படி, சவர்க்காரப் பெட்டி ஆகிய மூன்றும் வேண்டா. அடுக்களையில் எட்டாத உயரத்தில் ஒரு சிறு கிண்ணம் போதும். எந்நேரமும் அணிந்திருப்போர் கையைக் கழுவியபின் மோதிரத்தின் அடியையும் துடைத்தல் அவசியம். அங்கே தங்கும் ஈரமும் சவர்க்காரமும் தோலைப் புண்ணாக்கும். வெவ்வேறு மோதிரங்களை ஒரே பெட்டியில் உராயவிடாது தனித்தனித் துணிப்பையில் வைத்தல் வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை பத்தரிடம் காட்டிக் கவ்விகளைப் பார்க்கச் சொல்வது, கல் தொலைந்தபின் அழுவதிலும் மேலானது.

எங்கள் மோதிரத்தின் கதையை முடித்துவிடுகிறேன். வெளிறிய முத்தை எடுத்துவிட்டுப் புதியதொன்று பதித்துத் தருவதாகப் பத்தர் கூறினார். அதனைத் தாயாரிடம் சொல்லி, என் தவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் மோதிரத்தைச் சற்றுநேரம் கையில் வைத்திருந்தார். பின்னர், “மங்கினாலும் உன்ரை ஐயா போட்டிருந்த முத்து அதுதான், கிடக்கட்டும்” என்று விரலில் இட்டுக்கொண்டார்.

இப்போது அதனை மாதம் ஒருமுறை ஈரத்துணியால் ஒற்றித் துடைத்து வைப்பது என் வேலை. முத்து முன்போல் ஒளிரவில்லை. அதன் பின்னர் மேலும் மங்கவும் இல்லை.