கூரைத் தகடு உண்மையில் தருவது எவ்வளவு?

மலேசியாவில் வீட்டுக் கூரையில் சூரியசக்தித் தகடு பொருத்தியவர்களில் பலர், மாதாந்திர மின்கட்டண பில்லைப் பார்த்தே அதன் திறனை முடிவு செய்கிறார்கள். பில் குறைந்தால் மகிழ்ச்சி. குறையாவிட்டால் குத்தகையாளர் ஏமாற்றிவிட்டார் என்ற சந்தேகம். இரண்டுமே சரியான கணக்கல்ல. தகடு தரும் மின்சாரத்தை முதலில் வீடே பயன்படுத்திக்கொள்கிறது. மிஞ்சியது மட்டும்தான் மீட்டர் வழியாக வெளியே போகிறது. புதிதாகக் குளிர்சாதனம் வாங்கிய மாதத்தில், குறையே இல்லாத தகட்டின்மீதும் பழி விழும்.

தகட்டின் பின்னால் 400 வாட் என்று ஒட்டியிருக்கிறதே என்று கேட்கலாம். அது சோதனைக்கூடத்து எண். சதுர மீட்டருக்கு 1,000 வாட் ஒளி, செல்லின் வெப்பநிலை 25 டிகிரி என்ற நிலையில் அளந்தது. இங்கே நண்பகலில் கூரைத் தகடு 60 டிகிரியை எளிதாகத் தொடும். 25க்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.3 முதல் 0.4 விழுக்காடு ஆற்றல் குறைகிறது. அப்படியானால், 35 டிகிரி ஏறும்போது 10 முதல் 14 விழுக்காடு போய்விடும். தகட்டுக்கு வேண்டியது ஒளியே, வெப்பம் அல்ல.

ஆகவே மின்சாரத்தை மட்டும் அளந்தால் போதாது. அதே நேரத்தில் விழுந்த ஒளியையும் அளக்க வேண்டும். இதற்கான ஒளி அளவியைத் தகட்டின் அதே சாய்வில் வைப்பார்கள். 5 கிலோவாட் தகடுகள் உள்ள வீட்டில், ஒரு நாள் சதுர மீட்டருக்கு 4.5 கிலோவாட் மணி ஒளி விழுந்தால், ஏட்டுக் கணக்குப்படி 22.5 யூனிட் வர வேண்டும். இன்வெர்ட்டர் 18 யூனிட் காட்டினால் 80 விழுக்காடு; நம் தட்பவெப்பத்திற்கு அது நல்ல நிலை. பின்னொரு நாள், அதே அளவு ஒளிக்கு 14 யூனிட்தான் என்றால் எங்கோ கோளாறு.

கோளாறு பெரும்பாலும் சாதாரணமானதுதான். பறவை எச்சம், வளர்ந்துவிட்ட மாமரக் கிளை, ஆஸ்ட்ரோ தட்டின் நிழல். தகடுகள் வரிசையாக இணைக்கப்பட்டிருப்பதால், ஒன்றின்மேல் விழும் நிழல் மற்றவற்றின் உற்பத்தியையும் குறைக்கக்கூடும். நிழல் விழுந்த செல் சூடேறும். நல்ல வெயில் நேரத்தில் வெப்பப் படக்கருவியால் பார்த்தால் அது தனியே பளிச்சென்று தெரியும்.

ஒளி அளவி இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. இன்வெர்ட்டர் காட்டும் மாத உற்பத்தியைக் குறித்து வைத்து, சென்ற ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிடலாம். அண்டை வீட்டிலும் தகடு இருந்தால் இன்னும் நல்லது: இருவரும் ஒரு கிலோவாட்டுக்கு எத்தனை யூனிட் என்று கணக்கிட்டால், புகைமூட்டமோ மழைக்காலமோ இரு கூரைக்கும் பொதுவாகிவிடும். ஆனால் கூரைகள் ஒரே திசையை நோக்கியிருக்க வேண்டும்.

25 ஆண்டு உத்தரவாதம் என்பது பொதுவாக, அக்காலத்தின் முடிவிலும் ஏறத்தாழ 80 விழுக்காடு திறன் இருக்கும் என்பதாகும். பின்னாளில் குறைவைக் காட்ட, பொருத்திய நாளின் அளவுகள் பெரிதும் உதவும். ஒளி, தகட்டின் வெப்பநிலை, மின்னழுத்தம், மின்னோட்டம் ஆகிய நான்கும் குறித்த சோதனைத் தாளை, கடைசித் தவணையைக் கட்டுவதற்கு முன்பே குத்தகையாளரிடம் கேட்டு வாங்க வேண்டும்.