அணுவின் படத்தை வரைந்தவர்களும் சென்னையும்

பள்ளி அறிவியல் நூல்களில் அணுவைக் குறிக்க, நடுவில் ஒரு புள்ளியும் அதைச் சுற்றிச் சில வட்டங்களும் வட்டங்களின்மேல் எலக்ட்ரான்களும் கொண்ட படம் தவறாமல் இடம்பெறுகிறது. டென்மார்க்கைச் சேர்ந்த நீல்ஸ் போர் 1913-இல் முன்வைத்து, ஜெர்மனியின் அர்னால்டு சோமர்ஃபெல்டு 1916-இல் விரிவாக்கிய இந்தப் படத்தை, 1925-க்குப் பின் வந்த குவாண்டம் இயக்கவியல் ஆய்வரங்கிலிருந்து அகற்றிவிட்டது. ஆயினும் அது பாடநூல்களில் நிலைத்திருக்கிறது. அந்தப் படத்தை உருவாக்கிய இவ்விருவருமே வெவ்வேறு காலங்களில் சென்னைக்கு வந்தவர்கள். ஒருவருடைய வருகை ஒரு மாணவரின் ஆய்வுத் திசையை மாற்றியது, மற்றவருடைய வருகை ஓர் ஆய்வு நிறுவனம் தோன்றத் துணைநின்றது.

அணு மாதிரி என்பது கண்ணால் காண இயலாத ஒன்றைப் பற்றி, அளவீடுகளைக் கொண்டு அறிவியலாளர்கள் கட்டும் கருத்துருவம். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ஜான் டால்டன், ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய எடையுள்ள, பிளக்க முடியாத அணுக்களால் ஆனது என்று கொண்டு, பொருள்கள் குறிப்பிட்ட எடை விகிதங்களிலேயே ஒன்றுகூடுவதன் காரணத்தை விளக்கினார். 1897-இல் ஜே. ஜே. தாம்சன், எல்லா வகை அணுக்களிலிருந்தும் வெளிப்படக்கூடிய, எதிர்மின்னூட்டம் கொண்ட எலக்ட்ரானைக் கண்டறிந்தபோது, அணுவுக்கும் உள்ளுறுப்புகள் உண்டு என்பது தெளிவாயிற்று. அணு முழுவதும் நேர்மின்னூட்டம் பரவியிருக்க, அதனுள் எலக்ட்ரான்கள் பதிந்திருக்கின்றன என்று அவர் 1904-இல் கூறினார்.

இந்த மாதிரி ஏழாண்டுகளே நீடித்தது. மான்செஸ்டரில் எர்னஸ்ட் ரூதர்ஃபோர்டின் வழிகாட்டுதலில் கைகரும் மார்ஸ்டனும் மிக மெல்லிய தங்கத் தகட்டின்மேல் ஆல்பா துகள்களை, அதாவது கதிரியக்கப் பொருள்கள் உமிழும் நேர்மின்னூட்டமுள்ள கனத்த துகள்களை, மோதவிட்டனர். பெரும்பாலானவை நேரே ஊடுருவிச் செல்ல, பல ஆயிரங்களில் ஒன்று மட்டும் வந்த வழியே திரும்பியது. மின்னூட்டம் அணு முழுவதும் பரவியிருந்தால் இவ்வாறு நிகழ வழியில்லை என்பதால், நேர்மின்னூட்டம் அனைத்தும், ஏறத்தாழ நிறை முழுவதும் நடுவிலுள்ள மிகச்சிறிய அணுக்கருவில் குவிந்திருக்கின்றன என்று 1911-இல் ரூதர்ஃபோர்டு முடிவுகட்டினார். ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் ஏறக்குறைய பத்துக்கோடி அணுக்களை வரிசையாக வைக்கலாம். அணுக்கருவோ அத்தகைய அணுவினும் பல்லாயிரம் மடங்கு சிறியது. மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில் தெப்பக்குளத்தின் நடுவிலுள்ள நீராழி மண்டபத்தில் ஒரு கடுகை வைத்து, அதையே ஹைட்ரஜனின் அணுக்கருவாகக் கொண்டால், எலக்ட்ரான் உலவும் எல்லை குளத்தின் கரையை எட்டும். அணுக்கருவினுள் நேர்மின்னூட்டமுள்ள புரோட்டான்களும், மின்னூட்டமற்ற நியூட்ரான்களும் இருப்பது பின்னரே தெரியவந்தது. நியூட்ரானை ஜேம்ஸ் சாட்விக் 1932-இல் கண்டறிந்தார்.

ரூதர்ஃபோர்டின் மாதிரியில் ஒரு பெரும் இடர்ப்பாடு இருந்தது. வளைந்து சுற்றும் மின்துகள் ஒளியை உமிழ்ந்து ஆற்றலை இழக்க வேண்டும் என்பது மின்காந்தவியலின் விதி. அவ்விதிப்படி எலக்ட்ரான் நொடியின் மிகச்சிறு பகுதிக்குள் அணுக்கருவில் விழுந்து, அணுவே நிலைகுலைந்திருக்க வேண்டும். இதனுடன் நிறமாலைப் புதிரும் சேர்ந்துகொண்டது. சூடேறிய வாயுவின் ஒளியை முப்பட்டகத்தின் வழியே பிரித்தால், தொடர்ச்சியான வண்ணப் பட்டைக்கு மாறாக, அந்தந்தத் தனிமத்துக்கே உரிய தனித்தனிக் கோடுகள் தோன்றுகின்றன. 1868 ஆகஸ்டு 18-ஆம் நாள் நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தின்போது, நுங்கம்பாக்கத்திலிருந்த சென்னை வானாய்வகத்தின் தலைவர் நார்மன் போக்சன் மசூலிப்பட்டினத்திலும், பிரெஞ்சு வானியலாளர் ஜான்சன் குண்டூரிலும் சூரிய விளிம்பின் ஒளியை இவ்வாறு பிரித்து ஆராய்ந்தனர். அவ்வாண்டில் சூரிய ஒளியில் காணப்பட்ட ஒரு மஞ்சள் கோடு, அதுவரை அறியப்படாத ஹீலியம் என்னும் தனிமத்துக்கு உரியது என்று பின்னர் உறுதியாயிற்று. கோட்டைக் கொண்டு தனிமத்தை இனங்காண முடிந்ததே தவிர, கோடு ஏன் தோன்றுகிறது என்பதை எவராலும் சொல்ல முடியவில்லை.

போர் இவ்விரு சிக்கல்களுக்கும் ஒரே விடையை முன்வைத்தார். எலக்ட்ரான் குறிப்பிட்ட சில சுற்றுப்பாதைகளில் மட்டுமே இயங்கும், அவற்றில் இருக்கும்வரை ஒளியை உமிழாது, மேல்பாதையிலிருந்து கீழ்ப்பாதைக்குத் தாவும்போது மட்டும் இரண்டுக்கும் இடையிலான ஆற்றல் வேறுபாட்டை ஒளியாக வெளியிடும் என்றார். மூன்றாம் பாதையிலிருந்து இரண்டாம் பாதைக்குத் தாவினால் 656 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்புக் கோடும், நான்காம் பாதையிலிருந்து தாவினால் 486 நானோமீட்டரில் நீலப்பச்சைக் கோடும் கிடைக்கும் என்று அவர் கணக்கு காட்டியது. ஹைட்ரஜனின் நிறமாலையில் அவ்விரு கோடுகளும் அதே இடங்களில் இருந்தன. எனினும் கூர்மையான கருவிகளில் பார்க்கும்போது ஒற்றைக் கோடாகத் தெரிந்தது நெருக்கமான கோடுகளாகப் பிளவுபட்டது. கோள்களைப் போல எலக்ட்ரான்களும் நீள்வட்டப் பாதைகளில் செல்லக்கூடும் என்றும், அணுக்கருவை நெருங்கும்போது அவற்றின் வேகம் கூடுவதால் ஐன்ஸ்டைனின் சார்பியல் விளைவுகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்றும் கொண்டு, சோமர்ஃபெல்டு அந்த நுண்பிளவின் அளவைத் துல்லியமாக வருவித்தார்.

இத்தனை வெற்றிகளுக்குப் பின்னும், இரண்டே எலக்ட்ரான்கள் கொண்ட ஹீலியத்தின் நிறமாலையை இந்த மாதிரியால் விளக்க இயலவில்லை. 1925-இல் ஹைசன்பர்க்கும் 1926-இல் ஷ்ரோடிங்கரும் உருவாக்கிய குவாண்டம் இயக்கவியல், பாதை என்னும் கருத்தையே நீக்கிவிட்டு, எலக்ட்ரான் எவ்விடத்தில் காணப்பட எவ்வளவு வாய்ப்புண்டு என்று கணிப்பதை மட்டுமே தன் பணியாகக் கொண்டது. அணுக்கருவைச் சூழ்ந்திருப்பது அந்த வாய்ப்பின் பரவல். வட்டக்கோடு ஏதும் அங்கில்லை.

1928-இல் இந்தியப் பயணம் மேற்கொண்ட சோமர்ஃபெல்டு சென்னை மாநிலக் கல்லூரியில் உரையாற்றியபோது, மயிலாப்பூரில் 'சந்திர விலாஸ்' இல்லத்தில் வாழ்ந்துவந்த, ஏறத்தாழ 18 வயதான சுப்பிரமணியன் சந்திரசேகர் அக்கல்லூரியில் மாணவராக இருந்தார். சோமர்ஃபெல்டின் அணு அமைப்பு நூலை ஆழ்ந்து கற்றிருந்த அவர், மறுநாள் விடுதி அறைக்கே சென்று அவரைச் சந்தித்தார். நூல் வெளிவந்தபின் அணு இயற்பியல் முற்றிலும் மாறிவிட்டதென்று நூலாசிரியரே அவரிடம் எடுத்துரைத்து, உலோகங்களிலுள்ள எலக்ட்ரான்களைப் பற்றிய, அதுவரை வெளிவராத தம் கட்டுரையின் அச்சுப்படியையும் கொடுத்தார். அதிலிருந்து புதிய குவாண்டம் புள்ளியியலைக் கற்றுக்கொண்ட சந்திரசேகரின் ஆய்வுக் கட்டுரை அடுத்த ஆண்டே லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளிவந்தது. 1930-இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் செல்கையில் அதே புள்ளியியலைச் சார்பியலுடன் இணைத்து, எரிபொருள் தீர்ந்து சுருங்கும் விண்மீனின் நிறை ஓர் எல்லையை, இன்றைய மதிப்பின்படி சூரியனின் நிறையைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கை, தாண்டினால், எலக்ட்ரான்களின் எதிர்ப்பால் அதைத் தாங்க முடியாது என்று அவர் கண்டார். 1983-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நீல்ஸ் போர் சென்னைக்கு வந்தது 1960 ஜனவரியில். அரசியலமைப்பு வரைவுக் குழு உறுப்பினராக விளங்கிய அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் மகனும் இயற்பியல் பேராசிரியருமான அல்லாடி ராமகிருஷ்ணன், மயிலாப்பூரிலுள்ள தம் 'ஏகாம்ர நிவாஸ்' இல்லத்தில் இளம் ஆய்வாளர்களைக் கூட்டிக் கோட்பாட்டு இயற்பியல் கருத்தரங்கை நடத்திவந்தார். அக்குழுவைக் கண்ட போர் அதன் பணியை வெளிப்படையாகப் பாராட்டியது பிரதமர் நேருவின் கவனத்தை ஈர்த்தது. மாநிலக் கல்வி அமைச்சர் சி. சுப்பிரமணியத்தின் ஆதரவும் சேர, 1962 ஜனவரி 3-ஆம் நாள் கணித அறிவியல் நிறுவனம் மாநிலக் கல்லூரியில் தொடங்கிவைக்கப்பட்டது. சந்திரசேகரும் அவ்விழாவில் கலந்துகொண்டார். அந்நிறுவனம் அடையாற்றை அடுத்த தரமணியில் இன்று இயங்கிவருகிறது.

இவ்வரலாற்றில் மாணவர்கள் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. சோமர்ஃபெல்டு சென்னைக்கு வந்த அதே 1928-ஆம் ஆண்டில், பால் டிராக் வகுத்த புதிய சமன்பாட்டிலிருந்தும் ஹைட்ரஜன் கோடுகளின் நுண்பிளவுக்கு அதே வாய்பாடுதான் கிடைத்தது. நீள்வட்டப் பாதைகள் இல்லை என்பது அதற்குள் உறுதியாகிவிட்டது; எலக்ட்ரானின் தற்சுழற்சியை 1916-இல் சோமர்ஃபெல்டு அறிந்திருக்கவுமில்லை; என்றாலும் அவருடைய விடை சரியாகவே அமைந்திருந்தது. கணக்கு அளவீட்டோடு பொருந்துவது மட்டுமே படம் உண்மை என்பதற்குச் சான்றாகாது என்பதை இது காட்டுகிறது. அவர் அன்று அறிமுகப்படுத்திய, ஏறத்தாழ 137-இல் ஒரு பங்கு மதிப்புள்ள நுண்கட்டமைப்பு மாறிலி, மின்காந்த விசையின் வலிமையைக் குறிக்கும் அடிப்படை எண்ணாக இன்றும் இயற்பியலில் நிலைபெற்றிருக்கிறது. ஆகவே வகுப்பறையில் வட்டங்களைக் கொண்ட படத்தை நீக்க வேண்டிய தேவையில்லை. அது எந்தக் கேள்விக்கு விடையாக வரையப்பட்டது, எந்தக் கேள்வியில் தோற்றது என்பதையும் அதனுடன் சேர்த்துக் கற்பித்தால் போதும்.