வீட்டுக்கு வரும் ஃபைபர்: ரசீதில் தொடங்கும் உரிமை

“உங்க வீடு வரைக்கும் லைன் வராதுங்க.” கிராமத்தில் ஃபைபர் இணைப்பு கேட்கும் பல குடும்பங்களுக்குக் கிடைக்கும் முதல் பதில் இது. “பத்து வீடு சேர்த்துக் கொடுங்க, இழுத்துடலாம்” என்பது இரண்டாவது. முன்பணம் கைமாறிய பிறகு மூன்றாவது வரும்: “இன்னைக்கு ஆள் இல்ல, நாளைக்குப் பார்க்கலாம்.” இந்த மூன்றுக்கும் தீர்வு உண்டு, வழிகள்தான் வேறு. அந்த வழிகள் எல்லாமே தேதி போட்ட ஒரு துண்டுக் காகிதத்திலோ ஒரு புகார் எண்ணிலோதான் தொடங்குகின்றன. கிராமத்து இணைப்புகளில் பெரும்பாலும் இல்லாமல் போவதும் அதுதான்.

யாருடைய பணம்?

கிராமத்துக்கு ஃபைபர் வருவதை யாரோ செய்யும் உபகாரமாகப் பார்க்க வேண்டியதில்லை. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தங்கள் சரிசெய்யப்பட்ட மொத்த வருவாயில் 5 சதவீதத்தைக் கிராமப்புறச் சேவைக்கான பொது நிதிக்குச் செலுத்துகின்றன. அந்த வருவாய், ரீசார்ஜ் செய்யும் ஒவ்வொருவரிடமிருந்தும் வருவது. இந்த நிதிக்கு 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் ‘டிஜிட்டல் பாரத் நிதி’ என்று புதுப் பெயர் வைத்தது. இந்த நிதியிலிருந்துதான் இரண்டரை லட்சம் ஊராட்சிகளை ஃபைபரால் இணைக்கும் திட்டத்துக்கு 2011 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. 2015இல் அது பாரத்நெட் ஆனது.

தமிழ்நாட்டில் 12,525 கிராம ஊராட்சிகளை இணைக்கும் பொறுப்பு, 2018இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு ஃபைபர்நெட் கழகத்திடம் (டான்ஃபிநெட்) வந்தது. போட்டியைக் குறுக்கும் நிபந்தனைகள் இருப்பதாகக் கூறி, 2020 ஜூனில் அதன் டெண்டரை ரத்து செய்யுமாறு மத்திய அரசு உத்தரவிட்டது. மறுபடி டெண்டர் விட்டு வேலை தொடங்குவதற்குள், பிள்ளைகள் கைப்பேசி சிக்னலுக்காக மொட்டை மாடியிலும் மரத்தடியிலும் உட்கார்ந்து ஆன்லைன் வகுப்பு கேட்ட கொரோனா காலம் கடந்துவிட்டது.

2023 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை, திருத்தப்பட்ட பாரத்நெட் திட்டத்துக்கு 1,39,579 கோடி ரூபாய் ஒதுக்கியது. இதில் கிராமத்து வீடுகளுக்கு நேரடியாகத் தொடர்புள்ளவை இரண்டு. ஒன்று, ஐந்தாண்டில் ஒன்றரைக் கோடி கிராமப்புற வீடுகளுக்கு ஃபைபர் தரும் இலக்கு. மற்றொன்று, ஊராட்சிகளை வளைய வடிவில் இணைப்பது. ஒரே நேர்க்கோட்டில் செல்லும் கேபிள் ஓரிடத்தில் அறுந்தால் அதற்கு அப்பாலுள்ள ஊர்கள் எல்லாம் இருண்டுவிடும். வளையமாக இருந்தால் மறுபக்கம் வழியாகத் தொடர்பு நிற்காமல் ஓடும்.

இணையம் எவ்வளவு அவசியம் என்பதை நீதிமன்றமும் கவனித்திருக்கிறது. விடுதியில் கைப்பேசித் தடையை எதிர்த்த கோழிக்கோட்டுக் கல்லூரி மாணவி ஒருவரின் வழக்கில், இணையத்தைப் பயன்படுத்தும் உரிமை கல்வி உரிமையோடும் அந்தரங்க உரிமையோடும் சேர்ந்தது என்று கேரள உயர் நீதிமன்றம் 2019 செப்டம்பரில் தீர்ப்பளித்தது.

பணம் கொடுப்பதற்கு முன்

ஊராட்சி அலுவலகம்வரை அரசு கேபிள் வந்துவிட்டாலும், அங்கிருந்து வீட்டுக்கு லைன் இழுப்பவர் பெரும்பாலும் உள்ளூர் கேபிள்காரர்தான். ஊரில் எல்லோருக்கும் தெரிந்தவர், சில இடங்களில் சொந்தக்காரர். அதனாலேயே ரசீது கேட்கக் கூச்சம் வந்துவிடுகிறது. அவர் ஒரு முகவர் மட்டுமே. இணையச் சேவை தரும் உரிமம் பெற்ற நிறுவனம் வேறொன்றாக இருக்கும். பணம் எந்த நிறுவனத்தின் பெயரில் பதிவாகிறது என்பதே முதலில் கேட்க வேண்டியது. பகுதியில் எந்தெந்த நிறுவனங்கள் வயர்வழி இணையம் தருகின்றன என்பதை, தொலைத்தொடர்புத் துறையின் ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் அஞ்சல் குறியீட்டு எண்ணைக் கொடுத்தே பார்க்கலாம்.

அடுத்தது, விலைக்குள் இருக்கும் விலை. 399 ரூபாய் என்று விளம்பரம் சொல்லும் பிளானுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்தால் கிட்டத்தட்ட 471 ரூபாய் ஆகும். மோடம் இலவசமா, வாடகையா, டெபாசிட்டா? இணைப்பை நிறுத்தினால் டெபாசிட் திரும்ப வருமா? ‘இன்ஸ்டலேஷன் ஃப்ரீ’ என்றால் ஆறு மாதப் பணத்தை முன்கூட்டியே கட்ட வேண்டுமா? போஸ்ட்டிலிருந்து வீடு தள்ளியிருந்தால் கூடுதல் வயருக்கு மீட்டருக்கு எவ்வளவு? இந்தக் கேள்விகளுக்கான பதில்களை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தாக வாங்கிக்கொள்வது நல்லது.

‘அன்லிமிடெட்’ என்ற சொல்லுக்குப் பின்னால் பெரும்பாலும் ஓர் உச்சவரம்பு இருக்கும். அந்த அளவைத் தாண்டியதும் வேகம் குறைக்கப்படும். வரம்பு எவ்வளவு, அதன்பின் வேகம் எவ்வளவு என்பதை வாடிக்கையாளருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டியது நிறுவனத்தின் கடமை. பிராட்பேண்ட் என்று சொல்லிக்கொள்ளவே நொடிக்கு 2 மெகாபிட் குறைந்தபட்ச வேகம் வேண்டும் என்று 2023 ஜனவரியில் மத்திய அரசு வரையறுத்திருக்கிறது. முன்பு அது 512 கிலோபிட்டாக இருந்தது. ‘100 எம்.பி. ஸ்பீடு’ என்பது 100 மெகாபிட். கோப்பு இறங்கும் கணக்கில் அது நொடிக்குப் பன்னிரண்டரை மெகாபைட்தான். இது தெரியாமல் ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டை பிடித்தவர்களும் உண்டு.

இணைப்பு வாடிக்கையாளரின் பெயரில்தான் இருக்க வேண்டும். ஒரே இணைப்பைப் பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஏற்பாடு மலிவாகத் தெரியும். அந்த இணைப்பிலிருந்து யாராவது மோசடி செய்தால் காவல்துறை வந்து நிற்பது, ஆவணத்தில் பெயர் உள்ளவர் வீட்டு வாசலில். ஆதார் நகல் கொடுக்க நேர்ந்தால், குறுக்கே ‘இணைய இணைப்புக்கு மட்டும்’ என்று எழுதித் தேதியும் போட்டுக் கொடுக்கலாம்.

லைன் இழுக்கும் நாளில்

ஃபைபர் என்பது ஒளியைக் கடத்தும் கண்ணாடி இழை. ஓர் இழையில் வரும் ஒளியைத் தெருமுனையில் உள்ள ஸ்பிளிட்டர் பெட்டி 32 அல்லது 64 வீடுகள்வரை பிரித்துக் கொடுக்கும். வீட்டுக்கு வந்து சேரும் ஒளியின் வலிமையைப் பவர் மீட்டர் காட்டும். வழக்கமான மோடம்களுக்கு அந்த அளவு மைனஸ் 8க்கும் மைனஸ் 27 டி.பி.எம்.முக்கும் இடையே இருக்க வேண்டும். மைனஸ் 27ஐ நெருங்கினால் லைன் விட்டுவிட்டு வரும். வேலை முடித்துக் கிளம்பும்முன் அந்த எண்ணைக் காட்டச் சொல்லி ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால், பிறகு பழுது வரும்போது ஒப்பிட்டுப் பார்க்க உதவும். வயரைச் சுவர் மூலையில் மடித்து ஆணி அடிக்க விடக்கூடாது. கூர்மையாக வளைந்தால் ஒளி கசிந்துவிடும். வெட்டியெறிந்த இழைத் துணுக்குகள் கண்ணுக்கே தெரியாத கண்ணாடி ஊசிகள். குழந்தைகள் தவழும் தரையில் அவை கிடக்கக்கூடாது. அறுந்த முனையைக் கண்ணருகே வைத்துப் பார்ப்பதும் ஆபத்து. அதில் வரும் லேசர் ஒளி கண்ணுக்குப் புலப்படாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து ஈ.பி. போஸ்ட்டில் இருக்கிறது. கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது என்பது உண்மைதான். ஆனால் வெளியே இழுக்கும் டிராப் வயரில், தொய்யாமல் தாங்குவதற்காகப் பெரும்பாலும் ஓர் இரும்புக் கம்பியும் சேர்ந்தே வரும். மின்கம்பியில் அந்த இரும்பு பட்டால் மின்சாரம் வீட்டுச் சுவர்வரை வந்துவிடும். 2025 ஆகஸ்டில் ஹைதராபாத் ராமந்தாபூரில் கிருஷ்ண ஜெயந்தி ரத ஊர்வலத்தில் மின்சாரம் பாய்ந்து ஐந்து பேர் இறந்தார்கள். மின்கம்பியில் பட்ட கேபிள் வயரே காரணம் என்று மின்துறை கூறியது. அதன்பின் நகரம் முழுதும் மின்கம்பங்களில் தொங்கிய கேபிள்களை அது வெட்டி அகற்றியது.

ஆகவே, மின்வாரிய அனுமதி இல்லாமல் மின்கம்பத்தில் கட்டப்படும் லைனை மறுக்க வீட்டுக்காரருக்கு முழு நியாயம் உண்டு. அந்த இரும்புக் கம்பியை வீட்டுக்கு வெளியிலேயே கொக்கியில் கட்டி வெட்டிவிட்டு, இழையை மட்டும் உள்ளே கொண்டுவரச் சொல்ல வேண்டும். இடி மின்னல் நேரத்தில் மோடத்தின் அடாப்டரைப் பிளக்கிலிருந்து கழற்றிவிடுவது நல்லது. மின்லைன் வழியாக வரும் அதிர்ச்சியே பெரும்பாலும் மோடத்தைப் பழுதாக்குகிறது. பக்கத்துத் தோட்டத்தின் வழியே கம்பம் நடுவதானால் அந்த நிலத்துக்காரரின் சம்மதம் வேண்டும். பின்னால் வரும் வரப்புத் தகராறில் முதலில் அறுபடுவது இந்த வயர்தான்.

மோடத்துடன் வரும் கடவுச்சொல்லை அன்றே மாற்றிவிட வேண்டும்.

பழுது வந்தால் யாரிடம்?

இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் சேவைத் தர விதிகள் 2024 அக்டோபர் 1 முதல் நடப்பில் உள்ளன. பணம் கட்டிய ஏழு நாட்களுக்குள் 98 சதவீத வயர்வழி பிராட்பேண்ட் இணைப்புகளைத் தந்துவிட வேண்டும் என்கின்றன இந்த விதிகள். பழுதைச் சரிசெய்ய மூன்று நாட்களுக்கு மேல் ஆனால், வாடிக்கையாளருக்கு இழப்பீட்டுச் சலுகை தர வேண்டும். பில் கட்டுபவர், முன்கூட்டியே ரீசார்ஜ் செய்பவர் இருவருக்கும் இது பொருந்தும்.

நாட்கள் எந்தத் தேதியிலிருந்து எண்ணப்படுகின்றன என்பதில்தான் சிக்கல். கேபிள்காரருக்குப் போன் போட்டு “அண்ணே, நெட் வரல” என்று சொன்னால் அது எந்தக் கணக்கிலும் ஏறாது. நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை எண்ணிலோ செயலியிலோ புகார் பதிந்து, புகார் எண் வாங்கினால்தான் கடிகாரம் ஓடத் தொடங்கும். மோடத்தில் ‘எல்.ஓ.எஸ்.’ விளக்கு சிவப்பாக எரிந்தால் வயர் அறுந்திருக்கிறது அல்லது ஒளி வரவில்லை. சிவப்பு இல்லாமலேயே இணையம் வராவிட்டால், கணக்கிலோ ரீசார்ஜிலோ கோளாறு இருக்கலாம். இதைப் புகாரிலேயே சொல்லிவிட்டால், ஆள் வந்து பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பும் ஒரு நாள் மிச்சமாகும்.

புகார் தீராவிட்டால் அடுத்த படி அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரி. 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம், கட்டணம் கிடையாது. 39 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். வாடிக்கையாளர் எண்ணிக்கை குறைவான சிறு நிறுவனங்களுக்கு இந்த ஏற்பாட்டில் விலக்கு உண்டு. இணைப்பு எடுக்கும்போதே நிறுவனத்தின் பெயரைக் கேட்டு வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். தனிநபர் புகார்களை டிராய் நேரடியாக விசாரிப்பதில்லை. மத்திய அரசின் பொதுக் குறைதீர் இணையதளத்தில், தொலைத்தொடர்புத் துறையின் கீழ் மனு பதியலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் தமிழிலும் பேசலாம்.

கடைசிப் படியாக இருப்பது மாவட்ட நுகர்வோர் ஆணையம். தொலைத்தொடர்புத் தகராறுகளை அங்கே கொண்டுபோக முடியாது என்று நிறுவனங்கள் பல ஆண்டுகளாக வாதாடி வந்தன. 2022 பிப்ரவரியில், வோடஃபோன் ஐடியா தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ‘சேவை’ என்பதற்குள் தொலைத்தொடர்பையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. கொடுத்த பணத்தின் மதிப்பு 5 லட்சம் ரூபாய்வரை இருந்தால் கட்டணம் இல்லை. வக்கீல் வைக்க வேண்டியதில்லை. நிறுவனத்தின் தலைமையகம் மும்பையில் இருந்தாலும், வாடிக்கையாளர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பிரச்சினை எழுந்த இரண்டாண்டுக்குள் போட வேண்டும். அங்கே கேட்கப்படுவது ரசீதும் புகார் எண்ணும் எழுத்தில் வந்த பதிலும்தான்.

இன்னொரு வகை ஆட்கள்

“உங்க நிலத்துல டவர் வைக்கிறோம், மாசம் வாடகை தர்றோம், பதிவுக் கட்டணம் மட்டும் கட்டுங்க” என்று வரும் அழைப்புகள் மோசடி. அரசு முத்திரையோடு காட்டும் ‘தடையின்மைச் சான்று’ம் போலி. டவர் வைக்க நிலத்துக்காரரிடம் அரசோ டிராயோ பணம் கேட்பதில்லை. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

‘லைன் வராது’ என்றால்

ஏழு நாள் விதி, லைன் எட்டும் இடங்களுக்குத்தான். ‘தொழில்நுட்ப வசதி இல்லை’ என்று நிறுவனம் சொல்லிவிட்டால், தனி ஒரு வீடு அதோடு வாதாடி வெல்வது கடினம். அங்கே தேவைப்படுவது ஊராகச் சேர்ந்து கேட்கும் கேள்வி. பல ஊராட்சிகளில் கேபிள் வந்து, கருவிப் பெட்டி மின்சாரம் இல்லாமலோ பேட்டரி செத்தோ சும்மா கிடக்கலாம். சாலை விரிவாக்கத்தில் ஜே.சி.பி. வெட்டிய கேபிள் ஒட்டப்படாமலே கிடக்கலாம். தோண்டுவதற்கு முன் கேபிள் நிறுவனங்களுக்குத் தகவல் சொல்ல ‘கால் பிஃபோர் யூ டிக்’ என்ற செயலியையே 2023 மார்ச்சில் மத்திய அரசு வெளியிட்டிருக்கிறது. ஒப்பந்தக்காரர் அதைப் பயன்படுத்தினாரா என்று ஊராட்சி கேட்கலாம்.

தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகியவை கிராம சபை நாட்கள். இணைப்பு வேண்டும் வீடுகளின் பட்டியலைக் கையெழுத்துகளோடு அங்கே வைத்து, தீர்மானமாகப் பதியச் சொல்லலாம். பிறகு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தில் மூன்று கேள்விகள் போதும்: எங்கள் ஊராட்சிக்கு ஃபைபர் எந்தத் தேதியில் வந்தது, கருவி இப்போது இயங்குகிறதா, கடந்த ஓராண்டில் எத்தனை நாள் முடங்கியிருந்தது? பி.எஸ்.என்.எல்., டான்ஃபிநெட் இரண்டும் அரசு நிறுவனங்கள் என்பதால் 30 நாட்களுக்குள் பதில் தரக் கடமைப்பட்டவை. அந்தப் பதிலையும் தீர்மான நகலையும் சேர்த்து, மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனுவாகக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். அடுத்த கிராம சபையில் அந்தச் சீட்டின் எண்ணைச் சொல்லி, மனு என்ன ஆனது என்று ஊர் கேட்கலாம்.